அதிபர் வாசல் ரோசா

நூற்றாண்டு விழாவுக்காகப் பிரதான மண்டபத்தின் முன்னால் ஒரு ரோசாப் பாத்தி அமைப்பதென்று எமது சங்கத்தின் செயற்குழு தீர்மானித்தபோது, அது ஒரு கிழமை வேலை என்றுதான் நாம் எண்ணினோம். குழி வெட்ட வேண்டும், கன்று வாங்க வேண்டும், நட வேண்டும். செய்தியைப் பழைய மாணவியருக்கு அறிவித்த பின்னர்தான் சிக்கல் தொடங்கியது. இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண், சென்னை, கொழும்பு என்று எங்கெங்கோ இருந்து பதில்கள் வந்தன. பணம் அனுப்பியவர்களும் இருந்தார்கள். என்ன நிறம் வேண்டும் என்று படம் அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால், வயது மூத்த அக்காமார், ஒருவரோடொருவர் பேசி வைத்ததுபோல, ஒரே செடியைப் பற்றித்தான் கேட்டார்கள். அதிபர் அறை வாசற்படியின் இடப்பக்கம் நின்ற இளஞ்சிவப்பு ரோசா. "அதையும் நடுவீர்களோ?"

அந்தச் செடியின் பெயர் ஒருவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. பன்னீர் ரோசா என்றார் ஒருவர். எட்வேட் ரோஸ் என்றார் இன்னொருவர். நாட்டு ரோசா என்று முடித்துவிட்டார் மூன்றாமவர். ஆனால் மணத்தில் கருத்து வேறுபாடே இல்லை. நவராத்திரிக்குப் பூக் கொய்யப் போனவர்களுக்கு அது நினைவிருக்கிறது. பிந்தி வந்து அந்த வாசலில் நிற்பாட்டப்பட்டவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. 1995 ஐப்பசியில் குடாநாட்டின் பெரும்பகுதி ஒரே இரவில் வெறுமையானபோது கல்லூரியும் வெறுமையானது. மறுவருடம் திரும்பி வந்து பார்த்தவர்கள் படி இருந்தது, செடி இல்லை என்கிறார்கள்.

எதை நடுவது என்று முடிவெடுக்க, ரோசாவின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியதாயிற்று. தோட்டக்கலை நூல்களில் 'வெப்ப நாட்டுக்கேற்ற மணமுள்ள பழைய ரோசாக்கள்' என்று ஒரு தனிப் பகுதியே உண்டு என்பது அதற்குப் பிறகுதான் எமக்குத் தெரிந்தது. படித்ததை இங்கே எழுதுகிறோம்.

அதற்கு முன் ஒரு தோல்வியைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர், நல்ல மனத்தோடு ஒரு வகுப்பினர் மலைநாட்டிலிருந்து ரோசாக் கன்றுகளை வரவழைத்துத் தந்தார்கள். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் என்று கைப்பிடியளவு பெரிய பூக்கள். வந்த மாதம் படம் எடுக்காதவர்கள் இல்லை. தை மாதம் வரை நின்றன. பங்குனி வெயிலில் பூ சிறுத்தது, இதழ் குறைந்தது, காலையில் விரிந்த மொட்டு மத்தியானத்துக்கு முன் உதிர்ந்தது. சோளகக் காற்று தொடங்கியபோது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அடுத்த மாரிக்கு அநேகமானவை இல்லை. தோட்டக்காரரைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் மீது பிழை இல்லை என்பதை இப்போது பகிரங்கமாக எழுதி வைக்கிறோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உள்ளது. அங்கே மத்தியானத்திலும் ஒரு சுவெற்றர் வேண்டும். ஹக்கலப் பூங்கா 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் ரோசாவுக்குப் பேர்போன இடமாயிற்று. அந்தக் குளிரில் சிரிக்கிற செடியைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் எமது மண்ணில் நட்டு, கோடையில் உவர்க்கிற கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அது என்ன செய்யும்? சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இலை மஞ்சளானதற்கு அதுவே காரணம்.

அந்தக் கன்றுகளில் இரண்டு மட்டும் சாகவில்லை. மேற்பகுதி காய்ந்த பின் அடியிலிருந்து புதிய தளிர் கிளம்பியது. அதில் பூத்தது வாங்கிய சிவப்புப் பூவல்ல. சிறிய, இளஞ்சிவப்பான, குலைந்த மாதிரியான ஒரு பூ. "காட்டு ரோசாவாக மாறிவிட்டது" என்று அதையும் பிடுங்கி எறிந்தோம். அந்தப் பிழைக்கு மீண்டும் வருவோம்.

ரோசா வளர்ப்போர் 1867ஆம் ஆண்டை எல்லைக்கோடாக வைக்கிறார்கள். அந்த ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்துக் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்ற ரோசாவை வெளியிட்டார். இன்று கடைகளில் விற்கும் ஹைபிரிட் ரீ வகைகளின் முதல் ரோசாவாக அதையே கொள்கிறார்கள். அதற்கு முன்னர் இருந்த குடும்பங்களைச் சேர்ந்தவை 'பழைய தோட்ட ரோசாக்கள்'. ஆனால் பழையது என்பதற்காக எல்லாம் வெயில் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ரோசாக்களில் இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஒன்று குளிர்காலம் கேட்பது. மற்றையது கேட்காதது.

குளிர் கேட்கும் வழியில் முதன்மையானது டமாஸ்க் ரோசா. சிரியாவின் டமாஸ்கஸ் நகரின் பெயரால் வழங்குவது. பன்னீரும் அத்தரும் வடிப்பதற்கு உலகெங்கும் இதைத்தான் நாடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் இதன் மரபைச் சோதித்து, கலிக்கா ரோசா, கஸ்தூரி ரோசா, மத்திய ஆசியாவின் ஒரு காட்டு ரோசா ஆகிய மூன்றின் கலப்பு இது என்று கண்டார்கள். மொகலாயர் காலத்தில் இந்தப் பூவைச் சுற்றி ஒரு சம்பவம் உண்டு. சூடான பன்னீரைத் தட்டுகளில் ஊற்றியபோது மேலே படிந்த எண்ணெயைக் கண்டு சேகரித்தவர் நூர்ஜகானின் தாயார் அஸ்மத் பேகம் என்று பேரரசர் ஜகாங்கீர் தமது நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு 'ஜகாங்கீரி அத்தர்' என்று பெயர் வைத்தவரும் ஒரு பெண்ணே: சலிமா சுல்தான் பேகம். பேர் என்னவோ அரசருக்குப் போய்விட்டது. அந்த அளவுக்காவது அவர் மறைக்காமல் எழுதினாரே.

எமது வீடுகளில் கல்யாண வாசலில் சந்தனக் கும்பாவுக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் நிற்கும் பன்னீர்ச் செம்பு இந்தப் பூவின் தூரத்துச் சொந்தம். பனிநீர் என்பதே பன்னீர் ஆயிற்று. (திருச்செந்தூரில் விபூதி தரும் பன்னீர் இலை வேறொரு மரத்தினது, அதற்கும் ரோசாவுக்கும் தொடர்பில்லை.)

டமாஸ்க் வருடத்தில் ஒரு தடவைதான் நிறையப் பூக்கும். அதற்கும் முன்னால் குளிர் வேண்டும். வட இந்தியாவின் கன்னோசியில் பங்குனி, சித்திரையில் பூக்கிறதென்றால் அங்கே மார்கழி, தையில் நல்ல குளிர் இருப்பதனால்தான். எமது மண்ணில் அதை நட்டால் தழைக்கும், முள் வைக்கும், பூவைக் காட்டாது. 'பன்னீர் ரோசா' என்ற பெயரை நம்பி உண்மையான டமாஸ்க்கை வரவழைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது வழி சீனாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய ரோசாக்கள் ஒரு பருவத்தோடு நின்றுவிட, சீனத் தோட்டங்களில் வருடம் முழுவதும் பூக்கும் ரோசாக்கள் நெடுங்காலமாக இருந்தன. பூப்பதை அடக்கி வைக்கும் பரம்பரையலகு ஒன்று இவற்றில் செயலிழந்திருப்பதே அதற்குக் காரணம் என்று இன்று விளக்குகிறார்கள். ஒவ்வொரு தளிரும் நுனியில் மொட்டோடுதான் வரும். குளிர் தேவையில்லை. 1790களில் இவை கப்பலேறி இங்கிலாந்து போயின. போகிற வழியில் தங்கிய இடம் கல்கத்தா. 1787இல் அமைக்கப்பட்ட அங்குள்ள தாவரவியல் பூங்காவில் வைத்துப் பராமரித்து ஏற்றினார்கள். அதனால் பிரெஞ்சுக்காரர் இவற்றுக்கு வைத்த பெயர் வங்காள ரோசா. சீனத்துப் பிள்ளைக்கு வங்காளப் பெயர்!

சீன ரோசாவில் வெயில் தாங்கும் உடம்பு இருந்தது. ஆனால் மணம் மட்டு. டமாஸ்க்கில் மணம் இருந்தது. வெயிலில் பூக்கும் குணம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்? சேர்ந்தது ஒரு வெப்பத் தீவில்.

மடகஸ்காருக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரரின் தீவொன்று உண்டு. இன்று அதன் பெயர் ரீயூனியன். 1848 வரை அதைப் பூர்போன் தீவு என்றார்கள். கரும்பும் கோப்பியும் விளைந்த மண். அங்கே காணிக்குக் காணி ரோசா வேலி போடுவது வழக்கம். ஒரு வரிசை சீன ரோசா, ஒரு வரிசை இலையுதிர் காலத்திலும் சிறிது பூக்கும் ஒருவகை டமாஸ்க். எமது கிடுகு வேலிக்கும் கிளுவை வேலிக்கும் அவர்கள் வைத்த மாற்று அது! 1817இல் அங்கு வந்து சேர்ந்த தாவரவியலாளர் பிரேயோன், எதுவார் பெரிசோன் என்பவரின் காணியில், இரண்டு வரிசைக்கும் சேராத ஒரு செடியைக் கண்டார். மனிதர் யாரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. வேலியில் வண்டு செய்த வேலை. அதன் விதைகள் பாரிசுக்கு அருகே நெயி மாளிகைத் தோட்டத்தில் இருந்த ஜாக் என்ற தோட்டக்காரருக்குப் போய், அங்கிருந்து பூர்போன் ரோசாக் குடும்பம் பெருகியது. ஓவியர் ரெதுத்தே தமது ரோசா நூலில் அதை வரைந்தார். அந்த நூலின் கடைசிப் பகுதி வெளிவந்தது 1824இல். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அதே 1824. தொடர்பு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

எதுவார் என்ற அந்தப் பெயர் இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் எட்வேட் ஆனது. ஏதோ ஓர் அரசரின் பெயர் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். இல்லை, ஒரு காணிக்காரரின் பெயர். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எட்வேட் ரோஸ் இன்றும் உதிரிப்பூவாகப் பயிராகிறது. மாலைக்கும் பூசைக்கும் அங்கே சந்தையில் நிறுத்து விற்பது இந்த மாதிரிப் பூக்களைத்தான். பலர் பன்னீர் ரோசா என்று சொல்வதும் இதையே. தாயின் மணம் இதில் பெரும்பாலும் வந்திருக்கிறது. சீனத்தின் வெயில் தாங்கும் குணமும் வந்திருக்கிறது.

இனி எமது பிழைக்கு வருவோம். தென்னிந்தியாவில் புதிய ரோசாக்களை ஒட்டுவதற்கு எடுக்கும் ஒட்டுக்கட்டைகளில் எட்வேட்டும் ஒன்று. வேர் பலமானது, வெப்பம் தாங்கும் என்பதற்காக அதை அடியில் வைத்து, பெரிய பூப் பூக்கும் ஒட்டுமுளையை மேலே பொருத்துகிறார்கள். மேலே உள்ளது செத்தால் அடியில் உள்ளது தன் பூவைப் பூக்கும். நாம் பிடுங்கி எறிந்த அந்தச் 'சிறிய, இளஞ்சிவப்பான, குலைந்த பூ' ஏன் மணத்தது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. பிடுங்கச் சொன்னவர்களில் இதை எழுதும் நாமும் இருந்தோம்.

பூர்போனைத் தவிர வெப்பத்துக்கு ஒத்துவரும் குடும்பங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று நொய்செற். அமெரிக்காவின் தென் கரொலைனாவில், நெல் விளையும் சாள்ஸ்ரன் பகுதியில், சாம்னீஸ் என்ற தோட்டக்காரர் சீன ரோசாவையும் கஸ்தூரி ரோசாவையும் கொண்டு உருவாக்கிய வகை. கொத்தாகப் பூக்கும், கொடி போல ஏறும், கராம்பு கலந்த மணம். எமது வெக்கையும் ஈரமும் சேர்ந்த காலநிலை அங்கும் உண்டு.

மற்றையது ரீ ரோசா. 1809இலும் 1824இலும் சீனாவிலிருந்து வந்த இரண்டு செடிகளின் வழித்தோன்றல். புதிதாகப் பிரித்த தேயிலைப் பெட்டியின் வாசம் இதற்கு உண்டு என்று சொல்லி அந்தப் பெயர் வைத்தார்கள். தேயிலை நாட்டார் நாம் முகர்ந்து பார்த்து, அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் இனிமையான மணம்தான். தலை கவிழ்ந்த பூ, மென்மையான தண்டு. 1857ஆம் ஆண்டின் 'டச்சஸ் டி பிரபான்ற்' இளஞ்சிவப்புக் கிண்ணம் போன்றது. 1839ஆம் ஆண்டின் 'சப்ரானோ' குங்குமப்பூ நிறம். இரண்டும் வெப்ப நாட்டுத் தோட்டங்களில் நூறாண்டு கடந்தும் நிற்பவை. 1864இல் வந்த மஞ்சள் 'மரெஷால் நியல்' நொய்செற் வகைக் கொடி, நல்ல மணம். ஆனால் ஈரம் கூடினால் மொட்டு விரியாமல் அழுகும் என்பதால் எமது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதை நாம் சிபாரிசு செய்யவில்லை. பூர்போன்களில் புகழ்பெற்ற 'சுவெனிர் டி லா மல்மெசோன்' (1843) என்பதற்கும் அதே குறை. 1897இல் வந்த 'குறுஸ் அன் ரெப்லிற்ஸ்' சிவப்பு, நல்ல வாசம், வெயிலில் சளைக்காது. பாகிஸ்தானில் அதை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் அது எல்லைக்கோட்டுக்கு இப்பால். ஆனால் இரத்தம் பழைய குடும்பத்தினது என்பதால் பழைய ரோசா நூல்களில் இடம் பெறுகிறது. நாமும் இடம் கொடுக்கிறோம்.

தென்னிந்தியாவின் கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் வெப்ப நாட்டுக்கென்றே புதிய ரோசாக்களை உருவாக்கி வருகிறார்கள். வங்காளத்தின் நீர்க்கரைகளில் வளரும் ஒரு காட்டு ரோசாவையும், மணிப்பூர் மலைகளின் பெரும்பூ ரோசாவையும் அவர்கள் பெற்றோராக எடுத்தார்கள். அவர்களது ஒரு மஞ்சள் ரோசாவுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவின் மிச்சிகனில் கலாநிதிப் பட்டம் பெற்ற அம்மையார் அவர். ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிக்கு இதைவிட நல்ல ஞாபகச் சின்னம் உண்டா என்று எமது குழுவில் ஒருவர் கேட்டார்.

மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ரோசாக்கள் ஏன் மணப்பதில்லை? கடைக்குப் போகும் பூ நாள் கணக்கில் வாடாமல் இருக்க வேண்டும், பெட்டியில் நசியக் கூடாது, நிறம் மங்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக இவற்றையே பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். மணத்தைப் பார்க்க ஆளில்லை. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர் குழு ஒன்று மணமுள்ள ரோசாவையும் மணமற்ற ரோசாவையும் ஒப்பிட்டு, ஜெரனியோல் முதலிய வாசனைப் பொருள்கள் உருவாவதில் பங்குகொள்ளும் நொதியம் ஒன்றை அடையாளம் கண்டது. மணமற்ற பூவில் அது வேலை செய்வதே இல்லை. எவ்வளவு பசளை போட்டாலும் அந்தப் பூ மணக்கப் போவதில்லை. வெப்ப நாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. மணம் என்பது ஆவியாகும் எண்ணெய். வெயில் ஏற ஏற இதழிலிருந்து அது போய்விடும். அத்தர் வடிப்பவர்கள் விடியற்காலையில் கொய்வது அதனால்தான். நாம் காலைப் பிரார்த்தனைக்கு முன்னர் அந்த வாசலைத் தாண்டிய பிள்ளைகள். சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறோம்.

பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் எமது வாசலில் நின்ற செடியை எங்கே தேடுவது? இதற்கு வழி காட்டியது பேர்மியூடா. அத்திலாந்திக்கில் உள்ள அந்தச் சிறு தீவும் எமது குடாநாட்டைப் போலச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பது. 1954இல் அங்கு தொடங்கப்பட்ட ரோசாச் சங்கத்தினர் புத்தகம் பார்த்துக் கன்று வாங்கியதோடு நிற்கவில்லை. தேவாலய வளவுகளிலும் பழைய வீட்டு முற்றங்களிலும் கவனிப்பாரின்றி நின்ற ரோசாக்களைத் தேடி, தண்டு வெட்டி முளைக்க வைத்தார்கள். பெயர் தொலைந்த செடிகளுக்குக் கண்டெடுத்த இடத்தின் பெயரையோ, வளர்த்தவரின் பெயரையோ வைத்தார்கள். 'மர்ம ரோசாக்கள்' என்று அவற்றுக்குப் பொதுப்பெயர். அவற்றில் மிகப் பல சீன, ரீ வகைகள். கவனிக்காமல் விட்டும் சாகாதது எதுவோ அதுவே அந்த மண்ணுக்கு உரியது என்பது அவர்கள் கணக்கு.

நாமும் கேட்டுப் பார்த்தோம். கல்லூரி வாசலிலிருந்து யாராவது தடி முறித்துக் கொண்டுபோனீர்களா? மன்னிப்பு உண்டு, தண்டனை இல்லை என்றும் எழுதினோம். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஓர் அக்கா ஒப்புக்கொண்டார். சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்று, அதிபர் காணாதபடி ஒரு தடி முறித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் வீட்டுக் கிணற்றடியில் நட்டாராம். அது பெரிய செடியாயிற்று. அவருடைய தங்கை கல்யாணமாகி வவுனியாவுக்குப் போனபோது அதிலிருந்து ஒரு தடி கொண்டுபோனார். பிற்காலத்தில் அக்காவின் வீடும் இல்லை, கிணற்றடிச் செடியும் இல்லை. தங்கையின் வளவில் அது இன்றும் நிற்கிறது. தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பக்கத்தில், ஆடு கடித்து, உயரம் குறைந்து.

போன ஐப்பசியில் நாம் போய்ப் பார்த்தோம். விடிந்து கொஞ்ச நேரம். பூ மூன்றே மூன்று. எம்முடன் வந்தவர்களில் மூத்தவர் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர நேரமெடுத்தார். "இதுதான்," என்றார். எண்பது தாண்டியவர், அதற்கு மேல் நாம் சான்று கேட்கவில்லை. கிண்ணம் போன்ற இளஞ்சிவப்புப் பூ, டமாஸ்க்கின் மணம், பருவம் பாராமல் பூக்கும் குணம் என்று பார்த்தால் எட்வேட்டின் இலட்சணங்களே. ஆனாலும் பலகையில் பேர்மியூடாக்காரரைப் பின்பற்றி 'அதிபர் வாசல் ரோசா' என்றே எழுதுவதென்று தீர்மானித்தோம். பணம் தந்தவர்களின் பெயரைப் பலகையில் போட வேண்டும் என்று ஒரு யோசனையும் வந்தது. அது மலரின் நன்றிப் பக்கத்தில் வரும்.

நடுவது பற்றிச் சுருக்கமாக. பென்சில் தடிப்பில், பூத்து முடிந்த கிளையிலிருந்து ஆறு தொடக்கம் எட்டு அங்குலத் துண்டு. மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். மாரி தொடக்கத்தில் நிழலான இடத்தில், மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்த மண்ணில் ஊன்ற வேண்டும். ஒட்டுக் கன்று வேண்டாம். தன் வேரில் நிற்கும் செடி வெட்டுப்பட்டாலும் ஆடு கடித்தாலும் அடியிலிருந்து அதே பூவாகத்தான் வரும். பாத்தி காலை வெயில் விழுந்து பின்னேரம் நிழல் வரும் இடமாக இருக்கட்டும். எமது முன்னோர் தோட்டத்தில் பூவரசங்குழை தாழ்த்தியதுபோலப் பாத்தியிலும் குழை தாழ்த்தலாம். அது உக்கும்போது மண்ணின் சுண்ணாம்புக் குணத்தைச் சற்றே தணிக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். கூரை மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் கோடையில் உவர் நீர் ஊற்ற வேண்டி வராது. தண்ணீர் காலையில், அடியில் ஊற்ற வேண்டும். பின்னேரம் இலையை நனைத்தால் கரும்புள்ளி நோய் வரும். கோடையில் இலைக்கு அடியில் சிற்றுண்ணி பார்க்க வேண்டும். மலைநாட்டார் போல ஒட்ட வெட்டக் கூடாது. சீன, ரீ வகைகள் அதைப் பொறுக்கமாட்டா. காய்ந்ததையும் குறுக்கே போனதையும் எடுத்தால் போதும். மழை ஓய்ந்ததும் இலேசாகக் கத்தரித்தால் ஆறு ஏழு கிழமையில் பூ வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூர், சென்னை, டார்வின் போன்ற இடங்களில் இருப்போர் மேலே சொன்ன சீன, ரீ, பூர்போன், நொய்செற் வகைகளைத் தேடலாம். மெல்பேணில் ரீ ரோசாக்கள் மரம் போல வளரும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்போர் எமக்கு இங்கே கிடைக்காத ஒன்றை வளர்க்கலாம்: உண்மையான டமாஸ்க். உறைபனியைத் தாங்கி, ஆனி மாதத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும். எமது வாசல் ரோசாவின் தாய் வழிப் பாட்டி அது. தயவுசெய்து அங்கிருந்து தடிகளைச் சூட்கேசுக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நோயும் கூடவே வரும். புத்தகப் பைக் காலம் முடிந்துவிட்டது.

வவுனியாவிலிருந்து முப்பது துண்டுகள் கொண்டுவந்தோம். நூலகத்தின் பின்புறம், வேப்ப மர நிழலில் ஊன்றியதில் பதினெட்டு வேர் பிடித்திருக்கின்றன. ஒன்று படியின் இடப்பக்கத்தில், பழைய இடத்திலேயே நடப்பட்டுள்ளது. பன்னிரண்டு மண்டபத்தின் முன் பாத்திக்கு. மீதி ஐந்தும் தாய்ச் செடிகளாக நிற்கும். அடுத்த மாரி முதல் கேட்பவர்களுக்கு அதிலிருந்து தடி வெட்டித் தரத் தோட்டக்காரர் உடன்பட்டிருக்கிறார். விழாவுக்கு வருபவர்கள் காலை ஏழு மணிக்கு முன்னர் வாசலுக்கு வந்துவிடுங்கள்.